மேல் வீட்டு அக்காவின் நம்பர்

யாராவது ஒரு வேலையை மெதுவாகச் செய்தால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. பூ தொடுப்பதோ, சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டுவதோ, செல்போனில் ஒரு பெயரைச் சேமிப்பதோ, எதுவானாலும் சரி. இரண்டு நொடி பார்ப்பார். மூன்றாவது நொடி உள்ளங்கை நீண்டுவிடும்.

"குடு இங்க."

கொடுத்துவிடுவோம். எரிச்சலே அதுதான். கொடுக்கக் கூடாது என்று மனதுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டே கொடுத்துவிடுவோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டக் டக்கென்று முடித்து, திருப்பிக் கையில் வைத்துவிட்டு, "இதுக்குப் போய் எவ்வளவு நேரம்?" என்பார். நன்றி சொல்வதற்குள் மாடிப்படியில் பாதி ஏறியிருப்பார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அபார்ட்மெண்ட் எங்களுடையது. நாங்கள் முதல் மாடியில் ஒன் ஏ. அவர் எங்களுக்கு நேர் மேலே, டூ ஏ. பன்னிரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அவர் 'மேல் வீட்டு அக்கா'தான். மூன்றாவது மாடிக்காரர்களும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டு நம்பர்தான். "ஒன் ஏ, தண்ணி லாரி வந்துருச்சு." "த்ரீ பி, உங்க செருப்பு படியில கிடக்கு, யாராவது விழப் போறாங்க." ஏதோ ஒரு ஆபீஸில் வேலை பார்த்துப் பாதியில் விட்டவர் என்று கேள்வி. எந்த ஆபீஸ் என்று நான் கேட்டதில்லை. அவர் கணவர் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். அக்கா பக்கத்தில் வந்தாலே ரிமோட்டைத் தானாக நீட்டிவிடுவார். முப்பது வருஷப் பழக்கம்.

கையில் இரண்டு போன் இருக்கும். ஒன்று டச் போன், படம் பார்க்க, பாட்டுக் கேட்க. இன்னொன்று பட்டன் போன். அந்தப் பட்டன் போனின் நம்பர்தான் எங்கள் கட்டடத்தின் நம்பர். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. யார் வீட்டில் எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் நடுவில் எங்காவது 'மொபைல் எண்' என்று ஒரு கட்டம் வரும். அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் தயங்குவோம். எந்த நம்பரைக் கொடுக்கலாம், என்னுடையதா, கணவருடையதா, பழையதா, புதியதா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். அக்காவுக்கு அந்தத் தயக்கம் தாங்காது.

"என் நம்பரைப் போட்டுக்க. இந்தப் போன் நாலு நாளைக்கு சார்ஜ் நிக்கும். எப்பவும் என் கையிலதான் இருக்கும். உன் போன் எங்கயாவது சைலண்ட்ல கிடக்கும்."

இதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. என் போன் சைலண்டில்தான் கிடக்கும்.

இப்படியாக ஒன் பி-யின் கேஸ், டூ சி-யின் பேங்க், த்ரீ ஏ பையனின் காலேஜ் விண்ணப்பம், வாட்ச்மேனின் ரேஷன் கார்டு என்று எல்லாம் அந்தப் பட்டன் போனில் போய்ச் சேர்ந்தன. மெசேஜ் வரும் சத்தம் எங்கள் வீட்டுக் கூரை வழியாகக் கேட்கும். அடுத்த நிமிடம் பால்கனியிலிருந்து அறிவிப்பு வரும். "ஒன் பி! சிலிண்டர்காரன் கீழ நிக்கிறான், கதவைத் திற!" "டூ சி! உன் பையன் பஸ் டிக்கெட் எடுத்துட்டான், வெள்ளிக்கிழமை காலைல வர்றான்!" பெற்ற தாய்க்கு அந்தச் செய்தி பால்கனி வழியாகத்தான் தெரியும். பையன் ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்திருப்பான், பாவம்.

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் வருவார்கள். சொர்க்கவாசல் பார்க்கத்தான் வருகிறார்கள், ஆனால் திரும்பிப் போக ரயில் டிக்கெட் எடுக்காமல் வருவார்கள். காலையில் தட்கல் திறக்கும் நேரத்துக்கு அக்கா வீட்டு ஹாலில் ஒரு கூட்டம் வரிசையில் நிற்கும். அக்கா நடுவில் உட்கார்ந்திருப்பார். பெயர், வயது, மேல் பெர்த்தா கீழ் பெர்த்தா, சட்டென்று சொல்ல வேண்டும். என் சித்தப்பா ஒருவர், வயது என்ன என்று கேட்டதற்கு, "இந்த ஆவணி வந்தா..." என்று ஆரம்பித்தார். அக்கா அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆளை ஏற இறங்கப் பார்த்து ஒரு வயதைப் போட்டு டிக்கெட்டை முடித்துவிட்டார். பார்த்தால் வயது சரியாகத்தான் இருந்தது.

எரிச்சல் ஒருபுறம் இருக்கட்டும். கொரோனா இரண்டாவது அலையில் தடுப்பூசிக்குப் பதிவு செய்ய நாங்கள் எல்லோரும் திண்டாடியபோது, எங்கள் கட்டடத்து வயதானவர்கள் அத்தனை பேருக்கும் ஊசி கிடைத்தது இந்த அக்காவால். அப்போது ஒரு நம்பரில் நான்கு பேரைத்தான் பதிவு செய்ய முடியும். என் மாமியார், ஒன் பி-யின் அப்பா அம்மா, வாட்ச்மேன் என்று அக்காவின் நம்பரில் நான்கு இடமும் நிரம்பிவிட்டது. அவர் கணவரின் நம்பரிலும் இப்படியே நான்கு பேர். கடைசியில் பார்த்தால் அக்காவுக்கு இடமில்லை. தன் நம்பரில் தனக்கே இடமில்லை. இப்படி ஒரு மனுஷி இருப்பாரா என்று தலையில் அடித்துக்கொண்டேன். என்னிடம் வந்து, "ஒன் ஏ, உன் நம்பரைக் குடு, நானும் போட்டுக்கறேன்" என்றார். கொடுத்தேன். அவர் மாடியில் உட்கார்ந்து பதிவு செய்ய, என் போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். வந்திருக்கிறது. மூன்று முறை வந்திருக்கிறது. என் போன் துணி மடித்துவைத்த கூடைக்குள் சைலண்டில் கிடந்தது. அன்றைய இடங்கள் தீர்ந்துபோயின. அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து நேரில் போய் வெயிலில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் என் போனை வாங்கி சைலண்டை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் நான் மறுபடி போட்டுக்கொண்டேன்.

லேப்டாப் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அரியமங்கலத்தில் உள்ள ஒரு பட்டறைக்கு நான் வரைபடம் வரைந்து கொடுக்கிறேன். உடைந்த மெஷின் பாகங்களை அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, வெட்டும் மெஷினுக்குக் கொடுப்பது என் வேலை. பட்டறையை மூடிவிட்டு வீட்டிலிருந்தே வரையச் சொன்னார்கள். அதற்காகப் புது லேப்டாப் வாங்கினேன். டப்பாவைப் பிரித்து, மேஜை மேல் வைத்து, பொட்டு வைத்து, ஆன் செய்தேன். மொழி எது, நாடு எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தட்டினேன். ஆசையாக இருந்தது. எதற்கோ வந்த அக்கா வாசலில் நின்று இரண்டு நொடி பார்த்தார்.

"குடு இங்க."

இருபது நிமிடம். என் பெயரில் ஒரு ஈமெயில் உண்டாக்கி, அதற்குப் பாஸ்வேர்ட் போட்டு, நம்பர் கேட்ட இடத்தில் தன் நம்பரைப் போட்டு, "பாஸ்வேர்டை எங்கயாவது எழுதி வச்சுக்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். கேஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்தேன். கேஸ் புத்தகம் பிறகு எங்கே போனது என்று தெரியாது. தினமும் நாலு இலக்கம் தட்டினால் லேப்டாப் திறந்துகொண்டது. அதனால் நான் கவலைப்படவில்லை.

சண்டை வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. என் மகளின் பிளஸ் டூ ரிசல்ட் அன்று. பள்ளிக்கூடத்தில் கொடுத்த நம்பர் யாருடையது என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான், கணவர், மகள் மூன்று பேரும் ஒரே போனைப் பார்த்துக்கொண்டு, திறக்காத வெப்சைட்டைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தோம். மாடிப்படியில் திடுதிடுவென்று காலடிச் சத்தம்.

"ஒன் ஏ! பிசிக்ஸ் போச்சு! மத்ததெல்லாம் பாஸ்! துணைத்தேர்வுக்கு உடனே அப்ளிகேஷன் போடணும், அவளோட பரீட்சை நம்பரைக் குடு, நான் போட்டுத் தரேன்!"

மூன்று மாடிக்கும் கேட்டது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. என் மகள் எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்காவைப் பொறுத்தவரை அது ஒரு தோல்விச் செய்தி இல்லை. கடைசித் தேதி உள்ள ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். இப்போது எனக்கு அது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. மாடிக்குப் போய், அவர் வாசலில் நின்று, என் குரல் எனக்கே தெரியாத அளவுக்குக் கத்தினேன்.

"உங்களை யாரு கேட்டாங்க? எங்க வீட்டு விஷயம் எங்களுக்கு முன்னாடி உங்களுக்கு ஏன் தெரியணும்? எதுல பாத்தாலும் உங்க நம்பர், உங்க நம்பர்!"

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

"சரி. அப்ப என் நம்பரை எல்லாத்துலயும் எடுத்துட்டு உன் நம்பரைப் போட்டுக்க. எப்படின்னு சொல்லித் தரேன், வந்து உக்காரு."

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

எனக்குத் தெரியாது. கேஸை மட்டும் மாற்றினேன், அதையும் கேஸ்காரரே மாற்றிக் கொடுத்தார். மற்றவை அப்படியே கிடந்தன. ஏழெட்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றிய டெம்போவை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். டிரைவர் கயிறு கட்டுவதை அக்கா இரண்டு நொடி பார்த்தார். பிறகு கயிறு அவர் கைக்கு வந்தது. நான் கீழே இறங்கிப் போகவில்லை. உப்பிலியபுரத்துக்குப் போகிறார்கள், அதுதான் அவருக்குப் பிறந்த ஊர் என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார். அத்தனை வருஷம் மேல் வீட்டில் இருந்தவரின் ஊரை எனக்கு வாட்ச்மேன் சொல்ல வேண்டியிருந்தது.

இதெல்லாம் மூன்று வருஷத்துப் பழங்கதை. போன வாரம் வரை நான் அவரை நினைத்தது உண்டா என்றால், இல்லை.

போன வாரம் லேப்டாப் 'அப்டேட் செய்யவா' என்று கேட்டது. கேட்டால் சரி என்று சொல்வதுதானே மரியாதை. சரி என்றேன். தானாக அணைந்து, தானாக எரிந்து, மறுபடி அணைந்து, கடைசியில் நீலத் திரையில் வந்து நின்றது. நாற்பத்தெட்டு இலக்கம் கொண்ட ஒரு சாவி எண்ணைக் கொடு என்றது. என் பிறந்த தேதியைக் கேட்டால் சொல்வேன். நாற்பத்தெட்டு இலக்கத்துக்கு எங்கே போவது?

சாதாரண நாளாக இருந்தால் திட்டிவிட்டுப் பொறுமையாக இருந்திருப்பேன். லால்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் நெல்லைத் தள்ளிக்கொண்டு போகும் பெரிய திருகு உடைந்திருந்தது. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. உடைந்த துண்டுகளை ஒட்டிவைத்து, மூன்று வாரம் உட்கார்ந்து அளந்து வரைந்திருந்தேன். வரைந்து முடித்தாயிற்று என்று நான் சொன்ன அன்றே பட்டறைக்காரர் அந்தத் துண்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். ஆக, அந்தத் திருகு உலகத்தில் இருந்த ஒரே இடம் என் லேப்டாப். பென்டிரைவில் ஒரு நகல் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: எனக்கும் தெரியும், தயவுசெய்து கேட்காதீர்கள். ஆலை முற்றத்தில் விவசாயிகளின் நெல் மூட்டையாகக் கிடக்கிறது, வானம் மூடிக்கொண்டிருக்கிறது என்று பட்டறைக்காரர் அரைமணிக்கு ஒரு முறை போன் செய்தார்.

"ஏம்மா, டிராயிங் வந்தா மத்தியானமே வெட்ட ஆரம்பிச்சிடலாம். ஆளுங்க மெஷினைப் போட்டுட்டு நிக்கிறாங்க. இன்னும் எவ்வளவு நேரம்?"

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் திரையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லைங்க மேடம். உள்ள இருக்கறதெல்லாம் பூட்டியிருக்கு. அப்டேட் ஆனதுல அதுக்குச் சந்தேகம் வந்து சாவி கேக்குது. சாவி இல்லாட்டி ஃபார்மேட் பண்ணிடலாம். மெஷின் நல்லா ஓடும், உள்ள இருக்கறது போயிடும்."

"உள்ள இருக்கறதுதாங்க எனக்கு வேணும்!"

"அப்ப சாவி உங்க ஈமெயில் கணக்குலதான் இருக்கும். இதை முதமுதல்ல ஆன் பண்ணி செட் பண்ணது யாரு?"

"மேல் வீட்டு அக்கா" என்றேன்.

அவருடைய கம்ப்யூட்டரில் அந்த ஈமெயிலைப் போட்டுப் பார்த்தோம். பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா, இந்த நம்பருக்கு ஒரு எண் அனுப்புகிறோம் என்றது. நம்பரை முழுசாகக் காட்டவில்லை. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டியது. போதும். எங்கள் கட்டடத்தில் சின்னக் குழந்தைக்கும் அந்த நம்பர் மனப்பாடம்.

கடை வாசலுக்கு வந்து பஸ் இரைச்சலில் நின்றுகொண்டு, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் நலம் விசாரிக்க வேண்டும். அப்புறம் அன்றைக்குப் பேசியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வேலையைப் பற்றி ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன நினைப்பார்? நம்பரைப் போட்டேன். இந்த நம்பர் இன்னும் இருக்குமா என்ற பயம் வேறு. முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லு, ஒன் ஏ. கேஸா, பேங்கா, லேப்டாப்பா?"

மூன்று வருஷம் கழித்து முதல் வார்த்தை இது. ஒத்திகை எல்லாம் காற்றில் போயிற்று.

"லேப்டாப் அக்கா."

"நம்பரை மாத்தலையா நீ? தெரியும்னு சொன்னியே. சரி, அனுப்பச் சொல்லு. இரு இரு, இப்ப வேணாம். கீழ டவர் பேசறதுக்கு மட்டும்தான் எட்டும், மெசேஜ் மாடியிலதான் வரும். நான் ஏறிட்டுச் சொல்றேன்."

ஏறும் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு படி, ஒரு மூச்சு. எங்கள் வீட்டு மாடிப்படியில் திடுதிடுவென்று ஓடியவர் இவர்.

"ம், அனுப்பு."

கடைக்காரர் அனுப்பினார். அந்தப் பட்டன் போனில் பேசிக்கொண்டே மெசேஜைப் பார்க்க முடியாதாம். பார்க்கப் போனால் லைன் கட் ஆகிவிடும். கட் ஆனது. நான் திரும்பக் கூப்பிட்டேன், அவரும் அதே நேரம் என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் பிசி. காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். ஒருவழியாகக் கிடைத்து அவர் கடகடவென்று ஒப்பித்த ஆறு இலக்கத்தைக் கடைக்காரரிடம் நான் கத்த, அவர் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். நேரம் முடிந்துவிட்டது என்றது.

"என்னாச்சு?" என்றார் அக்கா.

"எக்ஸ்பயர் ஆயிடுச்சு அக்கா. இன்னொரு தடவை..."

"இதுக்குப் போய் எவ்வளவு நேரம்! யாரு தட்டுறது?"

இரண்டாம் முறை அனுப்பியபோது அக்கா கீழே இறங்கிவிட்டிருந்தார், அடுப்பில் பால் இருந்ததாம். மறுபடி ஏறினார். ஒரு படி, ஒரு மூச்சு. இந்த முறை எண் வந்தது, கடைக்காரர் ஐந்தாவது இலக்கத்தில் தப்பாகத் தட்டினார். நடுவில் பட்டறைக்காரரின் போன் வேறு வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் முறை கடைக்காரர் விரலை எடுத்துக்கொண்டு சாவகாசமாகக் கீபோர்டை நோக்கி வந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"குடுங்க இங்க" என்று கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

திறந்தது. உள்ளே நாற்பத்தெட்டு இலக்கமும் எட்டு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக லேப்டாப்பில் தட்டினேன். நீலம் போய், என் மகள் சின்ன வயதில் காவிரிப் படித்துறையில் நிற்கும் படம் வந்தது. திருகு இருந்தது. ஒரு அளவும் குறையாமல் இருந்தது. அந்த இடத்திலிருந்தே பட்டறைக்கு அனுப்பினேன். "வந்துடுச்சும்மா, வெட்டறோம்" என்று பட்டறைக்காரர் சொன்னபோது கடைக்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவை நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார்.

"திறந்துச்சா?"

"திறந்துடுச்சு அக்கா. ரொம்ப..."

"வை அதை. முதல்ல என் நம்பரை அதுலேர்ந்து எடு. இப்பவே. கடையில இருக்கறப்பவே. வீட்டுக்குப் போனா நீ எடுக்க மாட்ட."

"எடுக்கறேன் அக்கா. மெதுவா..."

"மெதுவா இல்லை. உனக்காகச் சொல்லலை. எனக்கு இந்தப் போனை நிறுத்தணும். முட்டி போச்சு, இந்தப் படியை ஏற முடியலை. நிறுத்திட்டா நீங்கள்லாம் கதவு திறக்காம நிப்பீங்களேன்னுதான் சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் பண்ணி வச்சுக்கிட்டிருக்கேன். இந்த மாசம் நீ மூணாவது ஆளு. போன வாரம் டூ சி. இன்னும் ஏழு பேர் பாக்கி இருக்கீங்க."

 எங்களை மறந்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். மெசேஜ் வருமோ என்று மூன்று வருஷமாக அந்த மனுஷி மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"பாப்பாவோடதையும் மாத்தணுமா அக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவ அப்பவே மாத்திக்கிட்டா. நாங்க காலி பண்ண அன்னிக்கு காலைல மேல வந்து, எப்படின்னு சொல்லிக் குடுங்கன்னு உக்காந்து கத்துக்கிட்டுப் போனா. அதுக்கு முன்னாடியே, பிசிக்ஸ் பாஸ் பண்ணதும் எனக்கு மெசேஜ் போட்டிருந்தா. உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அதே நாளில், எந்தப் பெண்ணின் அவமானத்துக்காக நான் சண்டை போட்டேனோ அந்தப் பெண் மாடிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள்.

என் நம்பரைச் சேர்த்தேன். என் போனுக்கு எண் வந்தது. இந்த முறை போன் கையில் இருந்தது. பிறகு அக்காவின் நம்பருக்கு நேரே 'நீக்கு' என்பதைத் தட்டினேன். நீக்குவதற்கும் அவருடைய நம்பருக்கே ஒரு எண் அனுப்புவோம் என்றது.

"இன்னும் ஒரு தடவை ஏறணும் அக்கா."

"மாடியிலதான் உக்காந்திருக்கேன். அனுப்பு."

லைன் கட் ஆனது. ஒரு நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். எப்போதும் கடகடவென்று ஒப்பிப்பவர் இந்த முறை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். நான்கு. ஒன்று. ஒன்று. எட்டு. பூஜ்யம். ஆறு. நான் தட்டினேன். பட்டியலில் என் நம்பர் மட்டும் இருந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு அக்கா."

"இன்னும் ஆறு" என்றார், தனக்குத் தானே.

"அந்த ஆறு பேர் யாருன்னு சொல்லுங்க அக்கா. நான் ஒவ்வொரு வீடா போயி மாத்தச் சொல்றேன்." அதைச் சொன்ன கையோடு, இதை இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. "அக்கா, அன்னிக்கு நான் வந்து... உங்க வாசல்ல நின்னு... நீங்க எவ்வளவு பண்ணியிருக்கீங்க, நான் அன்னிக்கு... இல்லை, என்ன சொல்ல வர்றேன்னா, பாப்பா உள்ள போயி தாழ்ப்பாள் போட்டதும் எனக்கு..."

அக்கா இரண்டு நொடி கேட்டார்.

"மன்னிச்சுக்குங்கன்னு சொல்ல வர்ற. அதானே? சரி, மன்னிச்சாச்சு. இதுக்குப் போய் எவ்வளவு நேரம்?"

லைன் கட் ஆனது. அந்தப் போன் தானாகக் கட் ஆனதா, அவர் கட் செய்தாரா என்று தெரியவில்லை. நான் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், இன்னொரு எண் வேண்டுமோ என்று, இறங்கத் தொடங்கியவர் மறுபடி படியேறிவிடுவார்.